டேஷ்போர்டில் ஒரு ஓட்டை

எங்கள் காரின் டேஷ்போர்டில் நட்டநடுவே ஒரு ஓட்டை இருக்கிறது. பாட்டுப்பெட்டிக்கு மேலே, ஏசி காற்று வரும் இரண்டு துவாரங்களுக்கு இடையில். ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக உடைந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் எட்டிப் பார்க்கும். முன் இருக்கையில் உட்காருகிறவர்கள் சீட் பெல்ட்டைத் தேடுவதற்கு முன்னால் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். "பாய், ஆக்சிடெண்ட்டா?" என்பார் ஒருவர். "எலி கடிச்சிருச்சா?" என்பார் இன்னொருவர். நாங்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுத் தெலுங்கர் அது திருட்டு என்றே முடிவுகட்டிவிட்டார். எனக்குப் பதிலாக அவரே ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் எனக்குக் கோபம் வரும், பிறகு பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

நான் போர்ட் பிளேரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் எது என்று கேட்டால் ராமநாதபுரம் பக்கம் என்று சொல்வோம். ஆனால் நானும் என் மனைவியும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தீவுகளில்தான். என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஓட்டை ஆச்சரியமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. தொங்கும் ஒயரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சுவிட்ச் போர்டு கோணலாக இருக்கும் வீட்டில் கொடுக்கிற டீ எனக்குத் தொண்டையில் இறங்காது. காரின் முன் கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தை ஒட்டி, அதில் போனையும் கேமராவையும் தொங்கவிட்டுக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்தால், இவர்கள் வீட்டுக் குளியலறை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மனைவி சிரிப்பாள். "ஒங்களுக்கு வேற வேலையே இல்ல" என்பாள்.

அந்த ஓட்டை இருந்த இடத்தில் முன்பு ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்தது. உள்ளங்கை அளவு திரை. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு சொந்தக்காரர், தனக்கு இனி வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனது. இந்தத் தீவில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தருக்கு இருப்பது ஒரே ரோடு. வழி தவற வேண்டுமென்றால் கடலில்தான் இறங்க வேண்டும்.

எனக்கு அது வழிக்காகத் தேவைப்படவில்லை, தூரத்துக்காகத்தான். மாயாபந்தரில் என் மாமனார் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாங்கள் இங்கிருந்து கிளம்பினால் போதும், மனிதர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் போன். "எங்கன வர்றீக மாப்ள? இன்னும் எம்புட்டுத் தூரம்?" இதுதான் அவருடைய ஒரே கேள்வி. வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காடு இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் போன் செத்துவிடும். வெளியே வந்து சிக்னல் கிடைத்த நிமிஷமே மணி அடிக்கும், அதே கேள்வி. நான் குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொல்வேன். அதை நம்பி அவர் மீனைப் பொரிக்கச் சொல்லிவிடுவார். நாங்கள் போய்ச் சேரும்போது மீன் ஆறி, மாமனார் சூடாக இருப்பார். "ஒங்க கணக்க நம்பி இனிமே அடுப்பப் பத்தவைக்க மாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அடுத்த தடவையும் நம்புவார்.

அவருக்காகத்தான் அந்தக் கருவி. காட்டுக்குள் போன் செத்தாலும் இது வானத்தைப் பார்த்து வேலை செய்யும். மாமனார் வீட்டை அதில் பதிந்து வைத்தேன். திரையின் மூலையில் மீதித் தூரம் தெரியும். அதிலிருந்த வரைபடத்தில் எங்கள் ரோடு சில இடங்களில் கடலுக்குள் தள்ளித்தான் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை, எனக்கு வேண்டியது மூலையில் இருந்த எண்தான்.

அதைக் கண்ணாடியில் ஒட்டித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியிலேயே வைத்து அனுப்பிய மாதிரி டேஷ்போர்டுக்குள் பதிக்க வேண்டும் என்று நினைத்தேன். பாட்டுப்பெட்டிக்கு மேலே சில்லறை போடுவதற்கென்று ஒரு பள்ளம் இருந்தது, யாருக்கும் பிரயோஜனமில்லாத இடம். அதை வெட்டி எடுத்தால் கருவி உட்காரும் என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிஸ்கட் அட்டையில் அச்சு வெட்டி, வைத்து வைத்துப் பார்த்தேன். பழைய ஏடிஎம் கார்டைச் செருகி ஓரத்துக் கிளிப்புகளை நெம்பி, பாட்டுப்பெட்டியைக் கழற்றி, கியர் பக்கத்து மூடியைக் கழற்றி, கடைசியில் அந்தப் பேனலை மடியில் வைத்துக்கொண்டேன். பேனல் விரிசல் விட்டால் புதுசு சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும், அதில் நம் சரக்கு ஏறுமா, ஏறினாலும் உடையாமல் இறங்குமா என்பதெல்லாம் கடைக்காரனான எனக்கு நன்றாகவே தெரியும்.

மனைவி டார்ச் பிடித்தாள். கோட்டுக்கு உள்ளேயே அறுத்து, பிறகு அரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு வரை வந்தேன். பின்னால் ஏசிக் குழாய் இடித்தது, அதை ஒரு விரல்கடை நகர்த்தினேன். கருவியின் பேட்டரி உப்பியிருந்ததால் அதை எடுத்துவிட்டு, வண்டியிலிருந்தே மின்சாரம் வரும்படி தனி ஃபியூஸ் வைத்து ஒயர் இழுத்தேன். சாவியைத் திருப்பினால் அதுவும் விழித்துக்கொள்ளும். ஒரு சின்னக் கறுப்பு ஆன்டெனாவை முன் கண்ணாடிக்குக் கீழே மூலையில் வைத்து, அதன் ஒயரைத் தூணுக்குள் ஒளித்தேன். கருவியைச் சுற்றி இருந்த இடைவெளியை, இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைகிற பசையால் நிரப்பி, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டேன். முரட்டுத்தாள், நடுத்தரம், பிறகு வழவழப்பு. மழைக்காலம், பெயிண்ட் காயவில்லை. ஈரக்காற்றில் கொப்புளம் விட்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். மேசை விசிறியைக் காருக்குள் வைத்துக் காயவைத்தேன். பளபளப்பு கூடிவிட்டது என்று பஞ்சால் ஒற்றி ஒற்றி, மற்ற பிளாஸ்டிக்கின் சொரசொரப்பைக் கொண்டுவந்தேன். முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். கருவி எங்கே முடிகிறது, டேஷ்போர்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

மனைவியும் தடவிப் பார்த்தாள்.

"மறுபடி கழட்டணும்னா எப்புடிங்க?"

"கழட்டுறதுக்கா இம்புட்டுப் பாடு?"

"ரிப்பேராச்சுன்னா?"

"ஆவாது."

அன்றைக்கே மாமனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை. "அப்ப இனிமே மீன் சூடா இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும் மாமா என்றேன். பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம்.

பெருநாள் வருவதற்கு முன்பே, ஒரு நாள் விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் போன் வந்தது. என் மனைவியின் அண்ணன். நான்தான் எடுத்தேன். "அத்தா மௌத்தாயிட்டாக மாப்ள" என்றார். மாமனார் தூக்கத்திலேயே போயிருக்கிறார். மனைவி எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் வர்ற வரைக்கும் வச்சிருப்பீகளா?"

"அஸர் தொழுதுட்டு எடுத்துருவோம் தங்கச்சி. அதுக்கு மேல வைக்கக் கூடாது. மொதக் கான்வாய்ல வந்துருங்க."

எங்களில் மய்யித்தைக் காக்க வைக்கும் வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தொழுகை நடத்தி, சீக்கிரமாக மண்ணில் வைத்துவிட வேண்டும். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. ஆனால் மாயாபந்தர் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். காட்டு வழியில் வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. செக்போஸ்டில் சேர்த்து, முன்னால் பின்னால் போலீஸோடு வரிசையாகத்தான் விடுவார்கள். அதைத்தான் கான்வாய் என்போம். முதல் கான்வாயைப் பிடித்தால் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் போய்விடலாம். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருந்து, போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவளுக்கு அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே அந்தப் பயணம்.

இருட்டோடு கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் திரை எரிந்தது. மூலையில் மாமனார் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டியது. அணைத்துவிடலாமா என்று நினைத்தேன், அணைப்பதற்குச் சுவிட்ச் வைக்கவில்லை. மனைவி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். குறையக் குறைய அவள் உதடு அசைந்தது, ஓதிக்கொண்டிருந்தாள்.

செக்போஸ்டுக்கு நல்ல நேரத்தில் போய்விட்டோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் சில வண்டிகள்தான். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆட்களின் பெயர்களைப் பதிந்து, வண்டியைப் பார்த்து அனுப்ப ஒரு போலீஸ்காரர் வந்தார். இளைஞர், நம் ஆள்தான், பேச்சில் தூத்துக்குடியும் தீவு இந்தியும் கலந்து கிடந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். பார்வை டேஷ்போர்டில் நின்றது.

"அண்ணே, ஏ க்யா ஹை? கேமராவா?"

"ஜிபிஎஸ் தம்பி. தூரம் காட்டும்."

"ரெக்கார்டிங்?"

"அதெல்லாம் கெடையாது."

அவர் விரல், திரைக்குக் கீழே இருந்த சின்னக் கறுப்புப் புள்ளியைத் தொட்டது. "அப்போ இது?"

"வெளிச்சத்தப் பாக்குறது. இருட்டுனா திரை மங்கும்."

"பாக்குதுன்னா அப்போ கண்ணுதானே அண்ணே?"

பிறகு முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஆன்டெனாவைப் பார்த்தார். அதிலிருந்து ஒயர் எதுவும் வெளியே தெரியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒளித்து வைத்த கேமரா என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்டில் வாழ்கிற மக்களை மிருகக்காட்சிச்சாலையில் பார்ப்பதுபோல் படம்பிடித்துப் போன கூட்டத்தின் மேல் எனக்கே கோபம் உண்டு. படம் எடுக்கக் கூடாது, படம் எடுக்கும் சாமான் எதுவும் வண்டியில் பொருத்தியிருக்கக் கூடாது என்பது சரியான சட்டம். எனக்கு முன்னால் இருந்த வண்டிக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போயேவிட்டார். நான் எந்த ரப்பர் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தேனோ, அதே கிண்ணம்.

"நிகால்கே இங்க ஜமா பண்ணிடுங்க அண்ணே. வாபஸ் வரும்போது வாங்கிக்கலாம்."

"இது கழட்ட முடியாது தம்பி. ஒட்டியிருக்கு."

"கழட்ட முடியாத மாதிரி யாராவது வைப்பாங்களா?"

எனக்குக் குரல் உயர்ந்தது. மய்யித்துக்குப் போகிறோம், மாமனார் மௌத்து, இவளுக்கு அத்தா, உனக்கு அறிவிருக்கா என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கியது. மனைவியைப் பார்த்து, "சாரி அக்கா" என்றார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "எனக்குப் புரியுது. ஆனா எங்க பெரிய சாப் கேட்டாண்ட நிக்கிறார். ஆர்டர் ஹை. இதோட உங்களை விட்டா என் வேலை போயிடும். வண்டியை ஓரமாப் போட்டுக் கழட்டுங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். அவளை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டேன். பெயர் எந்த வண்டியில் பதிந்திருக்கிறதோ அந்த வண்டியில்தான் காட்டைக் கடக்க முடியும் என்றார்.

வண்டியை ஓரம்கட்டினேன். பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய் வரிசையில் சேர்ந்தன.

கருவிப் பெட்டி எப்போதும் என் வண்டியில் இருக்கும். ஏடிஎம் கார்டை எடுத்தேன். ஓரத்துக் கிளிப்பில் செருகி நெம்பினேன். முதலில் கியர் பக்கத்து மூடி வர வேண்டும், பிறகு பாட்டுப்பெட்டி, பிறகு பேனல். பேனலோடு வெளியே எடுத்துவிட்டால் அப்படியே ஒப்படைத்துவிடலாம், திரும்பும்போது வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு திருகாணி கழன்றது. அதைத் தொலைந்துவிடாமல் தண்ணீர்ப் பாட்டில் மூடியில் போட்டேன். இரண்டாவது திருகாணி துருப்பிடித்திருந்தது. உப்புக்காற்று. திருப்புளி வழுக்கியது. பேனலில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையை மடித்துக் கீழே வைத்தேன். இப்போது யோசித்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குச் சரியான வேலையாகத்தான் பட்டது. கழற்றுவதென்றால் அப்படித்தான் கழற்ற வேண்டும்.

முன்னால் வரிசையில் எஞ்சின்கள் உறுமத் தொடங்கின.

"அண்ணே, கேட் திறக்கப் போறாங்க" என்றார் போலீஸ்காரர். அவருக்கும் வியர்த்திருந்தது.

"ஒடைங்க" என்றாள் மனைவி.

"இரு, வந்துரும்."

"ஒடைங்கங்கறேன்."

"இரும்மா, இன்னும் ரெண்டு ஆணிதான்..."

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். எங்கே போகிறாள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, துருப்பிடித்த ஆணியிலேயே கண். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி வந்து உட்கார்ந்தபோது அவள் கையில் டயர் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. "கைய எடுங்க" என்றாள். எடுத்தேன்.

முதல் அடி பேனலில் பட்டுத் தெறித்தது, ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு கெட்டியாக வைத்திருந்தேன். இரண்டாவது அடியில் ஒரு மூலை விரிந்தது. அதற்குப் பிறகு அவள் எண்ணாமல் அடித்தாள். "அத்தா, அத்தா" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. அப்போதுதான் அழுதாள், அடித்துக்கொண்டே. நான் பசை வைத்து இழைத்த ஓரம், உப்புத்தாள் போட்ட ஓரம், பஞ்சால் ஒற்றிய ஓரம் எல்லாம் சில்லுச் சில்லாக என் மடியில் விழுந்தன. கடைசியில் விரலை உள்ளே விட்டு இழுத்தாள். கருவி தனியாக வரவில்லை, டேஷ்போர்டின் ஒரு துண்டும் அதைக் கவ்விக்கொண்டே வந்தது. ஒயர்கள் அறுந்தன. ஆன்டெனாவையும் பிடுங்கி, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

போலீஸ்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சீட்டுகூட எழுதவில்லை. "போங்க அக்கா, போங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே ஓடினார். பின்னால் போகும் போலீஸ் ஜீப்புக்கு நேர் முன்னால் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற நாங்கள் கடைசி வண்டியாகிவிட்டோம்.

காட்டுக்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, வேகமாகவும் போகக் கூடாது. என் முன்னால் ஒரு லாரியின் பின்புறம் மட்டும் தெரிந்தது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி வந்தன. அவள் கையில் ரத்தம் வந்திருந்தது, உடைந்த பிளாஸ்டிக் கிழித்திருக்கிறது. கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். காடு முடிகிற இடத்தில் ஜலசந்தி. வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். முன்னால் போகிற வண்டிகள் முதல் படகில் ஏறிவிடும். அந்தப் படகு போய்விட்டு அக்கரையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தால்தான் மற்ற வண்டிகளுக்கு வழி. கடைசி வண்டிக்கு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். தீவில் பிறந்த எவருக்கும் தெரியும்.

இடம் இருக்கவில்லை. லாரி ஏறியது. எனக்கு முன்னால் சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். இறங்கி ஓடிப்போய்க் கெஞ்சினேன். படகுக்காரர் மேல்தளத்தைக் கையால் காட்டினார், ஒரு ஸ்கூட்டர் வைக்கக்கூட இடமில்லை. அவர் என்ன செய்வார்.

நான் திரும்பிப் பார்த்தபோது மனைவி காரில் இல்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்கிலியைத் தாண்டி, படகுக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஆட்கள் ஏறத் தடையில்லை. வண்டிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போய், ஒரு பிக்கப் வண்டியின் கதவைத் தட்டினாள். மாயாபந்தர் படகுத்துறைக்குக் காலி ஐஸ் பெட்டிகள் ஏற்றிப்போகிற வண்டி. உள்ளே ஒரு பெங்காலி டிரைவரும் அவர் மனைவியும். "மேரா அப்பா குஜர் கயா" என்று, அப்பா இறந்துவிட்டதை அவள் சொன்னது கரையில் நின்ற எனக்கே கேட்டது. அவளுடைய இந்தி எப்போதும் சுத்தமாக இருக்கும், அன்றைக்கு உடைந்து கிடந்தது. அந்தப் பெண்மணி கதவைத் திறந்து, "ஆவோ தீதி, பைட்டோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். படகு நகர்ந்தது. என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் என்ன முகத்தைக் காட்டியிருப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த படகு வரும்வரை காரில் உட்கார்ந்திருந்தேன். மடியிலும் மிதியடியிலும் சில்லுகள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, போலீஸ்காரர்மேல், படகுக்காரர்மேல், துபாய்ச் சொந்தக்காரர்மேல், எல்லார்மேலும் வந்தது. பிறகு வழக்கம்போல ஓட்டையைச் சுற்றியிருந்த சில்லுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட ஆரம்பித்தேன். பாதியில், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்து, கவரை வெளியே போட்டுவிட்டு அழுதேன். என் மாமனார் எனக்கு ஒரு கெடுதல் செய்ததில்லை. அவர் மகளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே ஒரு காலையில், நான் திருகாணியைப் பாட்டில் மூடியில் சேர்த்து வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்திருந்தார்கள். மச்சான் என்னைக் கட்டிக்கொண்டார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். "தங்கச்சி பாத்துருச்சு மாப்ள. தூக்கப் போற நேரத்துல வந்து சேந்துச்சு." நான் அங்கேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு என்னைக் கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனார். எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டிருப்பார்கள், நான் போடவில்லை. புதுமண் குவிந்திருந்தது. ஒரு பக்கத்து ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தது. நான் உட்கார்ந்து துஆ கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகப் போய் அந்த ஓரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டது. தட்டித் தட்டி, நீவி நீவி. மச்சான் என் கையைப் பிடித்து, "விடுங்க மாப்ள, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து திரும்பினோம். காட்டைத் தாண்டி இந்தப் பக்கத்துச் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினேன். அதே போலீஸ்காரர், ஒரு பாலிதீன் பையில் கருவியைக் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். டேஷ்போர்டுத் துண்டு இன்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "போய்ச் சேந்தீங்களா அக்கா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்கு நேரே அந்த ஓட்டை இருந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி குலுங்கும்போது உள்ளே ஒயர் ஆடியது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள்தான் பேசினாள்.

"நான் ஒடைக்கலைன்னா நீங்க இன்னமும் கழட்டிக்கிட்டே இருந்திருப்பீக."

"ஆமா" என்றேன்.

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. மூன்று நாளும் சாவு வீட்டில் அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, வண்டியிலும் அதுவரை இதைக் கேட்கவில்லை. "அத்தா மொகம் எப்புடி இருந்துச்சு?"

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னாள்.

"நான் போறதுக்குள்ள மூடிக் கட்டிட்டாக. தலைமாட்டுல துணிய முறுக்கி ஒரு முடிச்சு. அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சுங்க. நீங்க பாத்திருந்தா ஒங்களுக்குப் புடிச்சிருக்கும். இனிமே அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு நெலைப்படியிலயே ஒக்காந்துட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னையப் பாத்தாரு. ஒரு நுனியப் புடிச்சு இழுத்தாரு. அவுந்துருச்சு."

"அப்புடியா?"

"இழுத்தா அவுர்ற மாதிரித்தான் கட்டுவாகளாம். கபர்ல எறக்குனப்புறம் முடிச்ச அவுக்கணும்ல, அதுக்கு." அவள் பாலிதீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நல்லாப் பாத்தேன். தாடிய யாரோ சீவி விட்டிருந்தாக. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

திருப்பம் ஒன்றில் சிக்னல் வந்தது. இரண்டு பேருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. கடையிலிருந்து வந்த செய்திகள், அனுதாபச் செய்திகள். திரும்பும்போதும் வழக்கமாக இந்த இடத்தில்தான் மாமனார் கூப்பிடுவார், வீடு போய்ச் சேரும்வரை விடமாட்டார். அவள் போனைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து, அந்த ஓட்டைக்குள் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

"எங்கன வந்துருக்கோம்?" என்று கேட்டாள், வெளியே பார்த்துக்கொண்டே. "வீட்டுக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?"

நான் குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொன்னேன்.